வாசகர் கேள்வி – பதில்: ஒட்டகம், உம்ரா, மெர்ஸ்

நாகூரிலிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் கடலோரத்திலும், உள்ளே கூத்தாநல்லூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கமும் வளைகுடாவில் ஒரு ஆளாவது இல்லாத தெரு குறைவு. மெர்ஸ் காய்ச்சல் பற்றி வந்த கடிதங்களும் பெரும்பாலும் இந்த ஊர்களிலிருந்துதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். நெஞ்சக நோய், சிறுநீரகம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

அம்மாவும் அப்பாவும் உம்ரா போகிறார்கள். சவுதியில் மெர்ஸ் என்று ஒரு காய்ச்சல் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அது கொரோனாதானா, வேறா?
– வாசகி, நாகூர்

கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கோவிட் வேறு, மெர்ஸ் வேறு.

2012 ஜூனில் ஜித்தாவில் 60 வயதுக்காரர் ஒருவர் கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். சில நாட்களில் சிறுநீரகமும் செயலிழந்து இறந்துபோனார். அவருடைய சளியில் வழக்கமாகத் தேடும் கிருமி எதுவும் அகப்படவில்லை. அங்கே வேலை பார்த்த எகிப்து நாட்டு வைரஸ் நிபுணர் அலி முகமது ஸாக்கி விடாமல் தேடினார். கொரோனா குடும்பத்துக்கான பொதுச் சோதனையில் பாசிட்டிவ் வந்தது. மாதிரியை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்துக்கு அனுப்பினார். இதுவரை யாரும் பார்க்காத வைரஸ் என்பது அங்கே உறுதியானது. 2012 செப்டம்பர் 20 அன்று உலக மருத்துவர்களுக்கான மின்னஞ்சல் அறிவிப்பில் ஸாக்கி அதை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலிலேயே ஜோர்டானின் ஸர்கா நகர மருத்துவமனை ஒன்றில் பலருக்கு வந்த காய்ச்சலும் இதே வைரஸால்தான் என்பது பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து 27 நாடுகளில் 2,600 பேருக்கு மேல் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சவுதியில். நூற்றுக்குச் சுமார் 36 பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் சேராததால் உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படியே குறைத்துக்கொண்டாலும் கோவிட்டைவிடப் பல மடங்கு கடுமையானது. அந்த 27 நாடுகளில் இந்தியா இல்லை.

இவ்வளவு கடுமையான நோய் ஏன் கோவிட் போல ஊரெல்லாம் பரவவில்லை? இந்த வைரஸ் உடலுக்குள் நுழைய டி.பி.பி.4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனிதருக்கு அந்தப் புரதம் நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். மூக்கில் மிகக் குறைவு. அதனால் நோய் வந்தவருக்கு ஆரம்பத்தில் மூக்கு வழியாக வைரஸ் அதிகம் வெளியே வராது. நோய் முற்றி, இருமல் கூடி, மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான் சுற்றியிருப்பவர்களுக்கு ஆபத்து. 26 நோயாளிகளின் வீடுகளில் கூட இருந்த 280 பேரைச் சோதித்த ஒரு சவுதி ஆய்வில் 12 பேருக்குத்தான் தொற்றியிருந்தது.

ஆகவே அம்மா அப்பா தாராளமாகப் போய் வரட்டும். ஹஜ் கூட்டத்தில் மெர்ஸ் பெரிதாக வெடித்ததே கிடையாது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இருதய நோய் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைத்துக்கொள்ளட்டும். ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும். ஒட்டகப் பண்ணை பார்க்க வண்டியில் கூட்டிப்போனால் இறங்க வேண்டாம். 2014இல் உம்ராவுக்குப் போன மலேசியக்காரர் ஒருவர் பண்ணையில் ஒட்டகப் பால் குடித்தார். ஊர் திரும்பியதும் மெர்ஸ் வந்து இறந்துபோனார். இதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுவோம்.

சவுதி இந்த நோயை மறைத்தது என்கிறார்கள். உலகத்துக்கே வழி காட்டியது என்றும் படித்தேன். எது சரி?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

இரண்டும் நடந்தது. வருடவாரியாகப் பார்த்தால் புரியும்.

முதலில் சண்டைதான் வந்தது. மாதிரி தங்களைக் கேட்காமல் நாட்டை விட்டுப் போய்விட்டது, அதன் மேல் வெளிநாட்டு ஆய்வகம் காப்புரிமை கேட்கிறது, இதனால் சோதனைக் கருவி தாமதமாகிறது என்று சவுதி சுகாதார அமைச்சகம் குற்றம் சாட்டியது. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் வைரஸைக் கொடுத்தோம் என்று எராஸ்மஸ் மையம் மறுத்தது. நோயைக் கண்டுபிடித்த ஸாக்கி வேலையிழந்து எகிப்துக்குத் திரும்பினார். புது நோய் ஒன்றை முதலில் சொன்னவருக்கு அப்படி ஒரு கதி வந்திருக்கக் கூடாது என்பது எங்கள் அழுத்தமான கருத்து.

2013 ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கே அல்-அஹ்ஸா பகுதியில் 23 பேருக்கு மெர்ஸ் உறுதியானது. சவுதி மருத்துவர்கள் வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு நோயாளியும் எந்த நாளில், எந்த வார்டில், யார் பக்கத்தில் இருந்தார் என்று வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். 21 பேருக்கு டயாலிசிஸ் அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு இவற்றில்தான் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியிருந்தது. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள், அதிகம் போனால் 14 நாள் என்ற கணக்கு இங்கே உறுதிப்பட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்க '14 நாள் கண்காணிப்பு' என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

பாடம் அச்சில் வந்தும் ஆஸ்பத்திரிகள் படிக்கவில்லை. 2014 ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை ஜித்தாவில் மட்டும் 255 பேர். மருத்துவமனை ஊழியர் அல்லாத, விவரம் கிடைத்த 112 நோயாளிகளில் 109 பேர் முந்தைய 14 நாளுக்குள் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள், அல்லது நோயாளி ஒருவரோடு பழகியிருந்தார்கள். அந்த ஏப்ரலில் சுகாதார அமைச்சர் மாற்றப்பட்டார். ஜூனில், முன்பு கணக்கில் வராமல் போன 113 பேரை அமைச்சகமே வெளியிட்டது. மறைத்தது என்று நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். விட்டுப்போனதை அவர்களே தேடி எடுத்து வெளியே சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல அரசாங்கங்கள் அதைச் செய்வதில்லை.

அதற்குப் பிறகு வந்த மாற்றம் பெரிது. எல்லாத் தகவலும் ஒரே இடத்துக்கு வரும்படி கட்டுப்பாட்டு மையம் அமைத்தார்கள். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையைத் தினமும் வெளியிட்டார்கள். மருத்துவமனை வாசலிலேயே ஒரு செவிலியர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடும் முறை வந்தது. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், சிறுநீரக நோய், ஒட்டகத் தொடர்பு, மெர்ஸ் நோயாளியோடு பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்து 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே மாஸ்க் போட்டுத் தனி வழியில் அழைத்துப் போக வேண்டும். மருத்துவர் வந்து பார்க்கும்வரை பொது நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு 2015இல் ரியாத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் 130 பேருக்கு வந்தது. அதில் 43 பேர் ஊழியர்கள். நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரி. குறை எங்கே என்றால், அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வாசலில் மதிப்பெண் போட்டாலும் உள்ளே தள்ளித் தள்ளிப் படுக்க வைக்க இடம் இல்லையென்றால் பயன் இல்லை. கடைசியில் அவசரப் பிரிவையே மூடித்தான் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

அறிவியல் பக்கம் சவுதியின் பங்கு மறுக்க முடியாதது. ஆரம்பத்தில் வௌவாலைச் சந்தேகித்து பிஷா பகுதியில் தேடினார்கள். ஒரே ஒரு வௌவாலில் மரபணுவின் சிறு துண்டு கிடைத்தது, அதற்கு மேல் நகரவில்லை. 2013இல் ஓமான் ஒட்டகங்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி, அதாவது முன்பு தொற்று வந்து போனதன் அடையாளம்) இருப்பது தெரிந்தது. சவுதி ஆய்வாளர்கள் தங்கள் குளிர்பெட்டியில் கிடந்த பழைய மாதிரிகளை எடுத்தார்கள். 1992இல் எடுத்த ஒட்டக ரத்தத்திலேயே அது இருந்தது. 2013 நவம்பரில் ஜித்தா அருகே நோய்ப்பட்ட ஒட்டகத்துக்கு மருந்து தடவிய 44 வயது உரிமையாளர் இறந்தார். அவரிடமும் ஒட்டகத்திடமும் எடுத்த வைரஸின் மரபணு ஒன்றாக இருந்தது. ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. 2015 ஹஜ்ஜின்போது ஒட்டகக் குர்பானிக்குத் தடை போட்டதும் இந்த அறிவின் தொடர்ச்சியே.

வீட்டுக்காரர் ரியாத் பக்கம் ஒட்டகம் மேய்க்கிறார். முதலாளி ஒட்டகப் பால் கொடுத்தால் குடிக்கலாமா? என்ன பத்திரமாக இருக்க வேண்டும்?
– வாசகி, முத்துப்பேட்டை அருகே

உங்கள் கேள்விக்குத்தான் அதிகம் எழுதத் தோன்றுகிறது, சகோதரி. இந்த நோயில் பேசப்படாதவர்கள் உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்கள்தான். சவுதியில் 13 மாகாணங்களில் 10,009 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொதுமக்களில் 15 பேருக்கு, அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பேருக்கு, எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஒட்டகம் மேய்ப்பவர்களில் 87 பேருக்கு 2 பேர்; அறுக்கும் கூடத்தில் 140 பேருக்கு 5 பேர். விகிதம் 15 முதல் 23 மடங்கு கூடுதல். பலருக்குச் சளிபோல வந்து போயிருக்கும். ஆனால் அவர்களிடமிருந்து வயதான முதலாளிக்கோ, கூட வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கோ போனால் உயிருக்கு ஆபத்து.

பச்சையாகப் பால் குடிக்கவே கூடாது. கறந்த சூட்டில் குடிப்பது நல்லது என்று அங்கே சொல்வார்கள், கேட்க வேண்டாம். ஆய்வகத்தில் ஒட்டகப் பாலில் வைரஸைக் கலந்து 4 டிகிரியில் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தார்கள். 72 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. 63 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதும் செத்துப்போனது. கூடாரத்தில் தெர்மாமீட்டர் இருக்காது. நம் வீட்டில் மாட்டுப்பால் காய்ச்சுவது போலப் பொங்க விட்டு, தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கறந்த பாத்திரத்தையும் குடிக்கும் டம்ளரையும் கலக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் தப்பு நடக்கும். காய்ச்சிய பாலைக் கழுவாத கறவைச் செம்பில் திரும்ப ஊற்றினால் காய்ச்சியதே வீண். ஒட்டக மூத்திரம் மருந்து என்று யாராவது கொடுத்தால் கண்டிப்பாகத் தொடக் கூடாது. இறைச்சி உள்வரை வேக வேண்டும்.

வைரஸ் ஒட்டகத்தின் மூக்குச் சளியில்தான் அதிகம். ஒட்டகத்துக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குட்டிகள்தான் அதிகம் பரப்பும். அங்கே குளிர்காலத்தில் குட்டி போடும் பருவம். குட்டிகளுக்கு நோய் வருவது அதற்கடுத்த மாதங்களில். அந்தச் சமயத்தில் மூக்கு ஒழுகும் குட்டிக்குப் பால் ஊட்டுவது, மூக்கில் கயிறு போடுவது, மருந்து தடவுவது போன்ற வேலைகளுக்கு மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். முகத்தை ஒட்டகத்தின் முகத்துக்கு நேரே கொண்டுபோக வேண்டாம்; பக்கவாட்டில் நின்று வேலை செய்யட்டும். முத்தம் கொடுக்கும் பழக்கம் அங்கே உண்டு, அதுவும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் சோப்பால் கை, முழங்கை, முகம் கழுவ வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடு என்பார். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். பட்டியில் போடும் சட்டையும் செருப்பும் தனி. தூங்கும் இடத்துக்குள் அவை வரக் கூடாது. இந்த வைரஸ் 20 டிகிரி வெப்பத்தில் பிளாஸ்டிக், இரும்பு மேல் 48 மணி நேரம் வரை தாங்கும். தீவனத் தொட்டி, கறவைச் செம்பு, வாளிப்பிடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஊருக்கு வரும்போது ஒருமுறை பாருங்கள். தெரியாமலே பலருக்கு இருக்கிறது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தின் பக்கமே போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படி இருந்தால் வேறு வேலை கேட்டு வாங்குவதே நல்லது. அது சுலபமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சவுதியிலிருந்து வந்து நாலு நாளாச்சு. இருமலும் காய்ச்சலும். என்ன செய்யட்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் ஃப்ளூ அல்லது சாதாரண சளிதான். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் திறந்த தனி அறையில் இருங்கள். டாக்டரிடம் போகும்போது ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே, "சவுதியிலிருந்து வந்து இத்தனை நாள், ஒட்டகத்தோடு பழகினேன் அல்லது பழகவில்லை, அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லது போகவில்லை" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் உட்கார்ந்தபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ்காரரிடமும் அந்த மூன்றையும் சொல்லுங்கள். திரும்பி வந்து 14 நாள் தாண்டிய பிறகு முதல்முறையாகக் காய்ச்சல் வந்தால் மெர்ஸ் சந்தேகம் பெரும்பாலும் தேவையில்லை.

சவுதியில் டயாலிசிஸ் அறையில் பரவியது என்று படித்தோம். எங்கள் ஊர் மையத்தில் ஒரு ஹாலில் பத்து மெஷின் ஓடுகிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?
– டயாலிசிஸ் டெக்னீஷியன், கும்பகோணம்

டயாலிசிஸ் அறை இந்த வைரஸுக்கு ஏன் இவ்வளவு வசதி என்பதை முதலில் பார்ப்போம். ஒரே ஆட்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், ஒரே ஹாலில். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். பலருக்குக் காய்ச்சலே அடிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தால் நோயாளியே "தண்ணி ஏறிடுச்சு" என்பார், நாமும் ஒப்புக்கொள்வோம். எக்ஸ்ரேயில் நீர் கோத்ததும் நிமோனியாவும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியலாம். மெர்ஸே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மெர்ஸ் நோயாளியே டயாலிசிஸுக்கு வந்து சேருவார்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நீரை எடுத்து டிரை வெயிட்டுக்கு (கூடுதல் நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடைக்கு) கொண்டுவந்த பிறகும் மூச்சுத்திணறல் குறையவில்லை என்றால் அதை நீர் என்று சொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதிதாக இருமலோ சளியோ இருந்தால் நீர் எடுக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.

எடை பார்க்கும் மெஷின் பக்கத்திலேயே நான்கு கேள்வி எழுதி ஒட்டுங்கள்: காய்ச்சலா, புது இருமலா, வீட்டில் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தார்களா, கடைசி டயாலிசிஸுக்குப் பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா. எடை பார்க்காமல் யாரும் உள்ளே போவதில்லை. அதனால் கேள்வியும் விட்டுப்போகாது. ஆம் என்றால் மாஸ்க் கொடுத்து, தனி அறை இருந்தால் அங்கே, இல்லையென்றால் ஹாலின் மூலையில் காற்று வெளியேறும் ஜன்னல் பக்கம் உள்ள மெஷினில், அன்றைய கடைசி ஷிஃப்டில் போடுங்கள். பக்கத்து நாற்காலிக்கு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. முடிந்தால் பக்கத்து மெஷினைக் காலியாக விடுங்கள். அவரைக் கவனிக்கும் ஊழியர் அந்த ஷிஃப்டில் வேறு ஆளைத் தொடக் கூடாது. ஏசியை மட்டும் ஓட்டி ஜன்னலை மூடி வைப்பதுதான் நம் மையங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

நெபுலைசர் ஹாலுக்குள் வேண்டவே வேண்டாம். சளியைத் துகளாக்கிக் காற்றில் விடும். தேவையென்றால் தனி அறையில், ஊழியர் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு. தாடி இருந்தால் என்95 முகத்தில் ஒட்டாது. மாஸ்க்கைப் போட்டு ஓரங்களில் கை வைத்து பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணை நோக்கிக் காற்று வந்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்ய வேண்டும்.

துடைப்பதற்கு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட். 5 சதவீதக் கரைசல் வாங்குகிறீர்கள் என்றால் 20 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். ரத்தமோ சளியோ சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம், அதற்கு 100 மில்லி. அழுக்கை முதலில் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு கரைசல் பூசி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடே செலவாகிவிடும். தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள். நேற்றைய பக்கெட் வாசனை வரும், வேலை செய்யாது. மெஷினின் திரை, பொத்தான், பி.பி. கஃப், நாற்காலியின் கைப்பிடி, டிவி ரிமோட் இவற்றைத்தான் மறப்பார்கள்.

கழற்றும்போதுதான் ஊழியருக்குத் தொற்றும். முதலில் கையுறை, பிறகு கவுன், கை சுத்தம், கண்ணாடி. அறையை விட்டு வெளியே வந்த பிறகு மாஸ்க். மறுபடி கை சுத்தம்.

சந்தேகம் வந்தால் மருத்துவமனை நிர்வாகம் வழியாக மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். மாதிரி எடுப்பதில் ஒரு விஷயம்: மூக்கில் எடுத்த மாதிரி நெகட்டிவ் வந்தால் மெர்ஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வைரஸ் ஆழத்தில் இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னோமே, அதனால்தான். ஆழமாக இருமித் துப்பிய சளியோ, வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குழாய் வழியாக உறிஞ்சிய சளியோ வேண்டும். எச்சில் போதாது. இருமித் துப்பச் சொல்லும்போது நோயாளி திறந்தவெளியில் நிற்கட்டும், எதிரே யாரும் நிற்கக் கூடாது. மூடி இறுகிய டப்பா, மூன்றடுக்குப் பேக்கிங், 2 முதல் 8 டிகிரி குளிர். முதல் சோதனை நெகட்டிவ் வந்தும் நோயாளி மோசமாகிக்கொண்டே போனால் திரும்ப அனுப்ப வேண்டும்.

தென் கொரியாவில் ஒட்டகமே கிடையாது. அங்கே எப்படி வந்தது?
– வாசகர், மயிலாடுதுறை

ஒரே ஒரு பயணி. பஹ்ரைன், அமீரகம், சவுதி, கத்தார் போய்விட்டு 2015 மே 4 அன்று திரும்பினார். 11ஆம் தேதி காய்ச்சல். ஒரு ஆஸ்பத்திரியில் சரியாகவில்லை என்று இன்னொன்று, பிறகு இன்னொன்று. 20ஆம் தேதிதான் மெர்ஸ் என்று தெரிந்தது. கடைசியில் 186 பேருக்கு நோய், 38 பேர் சாவு, சுமார் 16,700 பேர் தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

அதில் ஒரு நோயாளி மட்டும் சியோலின் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்தபோது 82 பேருக்குப் பரப்பினார். அந்த 82 பேரைப் பிரித்துப் பாருங்கள்: 33 பேர் நோயாளிகள், 8 பேர் ஊழியர்கள், மீதி 41 பேர் நோயாளியோடு துணைக்கு இருந்தவர்களும் பார்க்க வந்தவர்களும். அங்கேயும் நம் ஊர் மாதிரிதான். ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டு ஆள் கூடவே தங்குவது, சொந்தபந்தம் திரண்டு போய்ப் பார்ப்பது, ஒரு டாக்டரிடம் குணமாகவில்லை என்றால் மறுநாளே வேறு டாக்டர். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு குழந்தையையும் கூட்டிப்போய் வார்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது நமக்கு மரியாதை. இருமல், மூச்சுத்திணறல் நோயாளி விஷயத்தில் மட்டும் அந்த மரியாதையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒரே ஆள், அவரும் மாறாத ஆள், சர்க்கரை இல்லாத இளவயது ஆளாக இருக்கட்டும். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் பழைய ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து, "அங்கே எந்த வார்டில், எத்தனை நாள்" என்று சொல்லுங்கள். கொரியாவில் அந்தத் தகவல் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி போகாததுதான் பெரிய ஓட்டை. பிறகு சட்டத்தையே மாற்றினார்கள். சோதனைக் கருவிக்கு அவசர அனுமதி தரும் ஏற்பாடும் அப்போது வந்ததுதான். 2020இல் கோவிட் வந்ததும் அது கைகொடுத்தது.

மெர்ஸுக்கு மருந்தோ ஊசியோ உண்டா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. சோதனைகள் சவுதியிலும் நடந்தன. சவுதி மருத்துவமனைகளில் 95 நோயாளிகளிடம் லோபினாவிர்–ரிட்டோனாவிர் மாத்திரையோடு இன்டர்ஃபெரான் பீட்டா ஊசியைச் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 90 நாளில் இறப்பு 44 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைந்தது. அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் ஆரம்பித்தவர்களுக்கே பலன் அதிகம். முடிவு 2020இல் வெளியானது. கோவிட்டில் உயிர் காத்த ஸ்டீராய்டு மெர்ஸில் சாவைக் குறைக்கவில்லை, உடலிலிருந்து வைரஸ் போவதைத் தாமதப்படுத்தியது. ஆகவே கோவிட் காலத்து மருந்துச் சீட்டை எடுத்துக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஹஜ், உம்ராவுக்கு முன் மூளைச்சவ்வுக் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் போட வேண்டும். ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டால் திரும்பி வந்ததும் வரும் காய்ச்சல் குழப்பம் பாதியாகும்.

நம் ஊர் மாடு, ஆட்டுக்கு இது வருமா? துபாயிலிருந்து தம்பி ஒட்டகப் பால் சாக்லேட் கொண்டுவந்தான், குழந்தைகள் சாப்பிட்டுவிட்டார்கள்.
– வாசகி, பட்டுக்கோட்டை

ஒட்டகங்களோடு சேர்த்து மாடு, செம்மறி, வெள்ளாடுகளையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒட்டகத்தில் கிடைத்த மாதிரி அவற்றில் எதிர்ப்புப் பொருள் கிடைக்கவில்லை. உங்கள் மாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கடையில் விற்கும் சாக்லேட்டில் சேர்ப்பது சூடாக்கிப் பதப்படுத்திய பாலோ பால் பவுடரோதான். குழந்தைகள் சாப்பிட்டதில் பயமில்லை. பண்ணையில் கறந்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்த பாலை யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் மட்டும் கீழே ஊற்றிவிட்டு, பாட்டிலைத் தூக்கிப்போட்டு, கையைச் சோப்பால் கழுவிவிடுங்கள்.